ஒரு வாசகரின் ஏமாற்றம்: கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியும் கலாபூர்ணோதயமும்

தெலுங்கில் நவீன இலக்கியத் திறனாய்வின் தொடக்கமாக 1914இல் வெளிவந்த ‘கவித்வ தத்துவ விசாரமு’ என்னும் நூலைச் சுட்டுவது வழக்கம். அதன் ஆசிரியர் சித்தூரைச் சேர்ந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. மேலைத் திறனாய்வுக் கருத்துகளைத் தெலுங்குக்குக் கொணர்ந்த நூல் என்று பாடநூல்கள் அதனை அறிமுகப்படுத்தும். அவ்வறிமுகத்தில் பிழையில்லை. ஆயினும் அந்நூலுக்குள் இயங்கும் மனநிலையை அது தொடுவதில்லை. தாம் பெரிதும் விரும்பிய ஒரு கதை, தாம் எதிர்பார்த்த உயரத்திலேயே இறுதிவரை நிற்கவில்லை என்று உணர்ந்த ஒரு வாசகர் அந்நூலில் பேசுகிறார். ஒரு மொழியின் திறனாய்வு வரலாற்றில் ஏமாற்றமும் ஒரு தோற்றுவாயாக இருந்திருக்கிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

அவர் படித்த கதை பிங்களி சூரனாவின் ‘கலாபூர்ணோதயமு’. 16ஆம் நூற்றாண்டில், விசயநகரக் காலத்தில், நந்தியால கிருஷ்ணராஜனுக்கு அர்ப்பணிக்கப்பட்ட காவியம் அது. செய்யுளும் உரைநடையும் கலந்து எட்டு ஆசுவாசங்களாக அமைந்தது. புராணத்திலிருந்தோ இதிகாசத்திலிருந்தோ கதையைப் பெறாமல் கவிஞர் தாமே கட்டிய கதை என்பது அதன் தனிச்சிறப்பு. அக்காலப் பிரபந்த மரபில் அது துணிவான செயல். நாவல் என்ற சொல் தெலுங்குக்கு வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நாவலின் இயல்புகள் கொண்ட நூல் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் இதைக் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய வாசகரிடம் கதைச்சுருக்கத்தை மட்டும் கொடுத்தால், இருண்ட மாயக்கதை வகையில் அதனைச் சேர்த்துவிடுவார். துவாரகையில் கலபாஷிணி என்னும் கணிகைப் பெண் இருக்கிறாள். வானில் செல்லும் ரம்பையையும் நளகூபரனையும் கண்டது முதல் அவள் மனம் நளகூபரனை நாடுகிறது. நாரதரிடமிருந்து வேண்டிய வடிவம் எடுக்கும் ஆற்றல் அவளுக்குக் கிடைக்கிறது. நாரதரின் மாணவனான மணிகந்தரன் தவத்தில் அமர்கிறான். அத்தவத்தைக் குலைக்க ரம்பை அனுப்பப்படுகிறாள். இதற்கிடையே மணிஸ்தம்பன் என்னும் சித்தன் சிங்கத்தின் மீதேறி வருகிறான். தொலைவில் நிகழ்வதைக் காணவும் கேட்கவும் வல்லவன் அவன். காதலனிடம் சேர்ப்பதாக நம்பவைத்துக் கலபாஷிணியை ஏற்றிச் செல்கிறான். சிங்கவாகனத் தேவியின் கோயில் வந்ததும் அவன் நோக்கம் வெளிப்படுகிறது: அவளைப் பலியிட வேண்டும். அவள் அங்கே தப்புகிறாள். பின்னர் இரண்டு ரம்பைகள் நேருக்கு நேர் நின்று பூசலிடுகிறார்கள். இரண்டு நளகூபரர்கள் மோதுகிறார்கள். உருவத்துக்கும் உண்மைக்கும் இடையிலான கோடு அழிகிறது. இறுதியில் அதே தேவியின் முன் கலபாஷிணி பலியாகிறாள். வாளை ஏந்தியவன் மணிகந்தரன். சாபத்துக்கு ஆளான அவனும் உயிர் நீக்கிறான்.

கதை இத்துடன் முடிவதில்லை. மணிகந்தரன் கலாபூர்ணன் என்னும் அரசனாகப் பிறக்கிறான். கலபாஷிணி மதுரலாலசையாகப் பிறக்கிறாள். ஒரு மணி மார்பில் பட்டதும் முற்பிறவி நினைவு திரும்ப, கைக்குழந்தையாகிய அவளே நடந்தவை அனைத்தையும் அவையில் எடுத்துரைக்கிறாள். கொலையுண்டவள் குழந்தையின் வாயால் தன் கொலையைச் சொல்லும் அந்தக் காட்சிக்கு ஈடானது உலகக் கதை மரபுகளில் எளிதில் கிடைக்காது. ஆனால் அதன் பின் வரும் பகுதிகளில் காதல், திருமணம், சக்களத்திப் பூசல், திக்குவிசயம் என்று பிரபந்தங்களுக்குப் பழகிய பாதையில் கதை நடக்கிறது. முதற்பகுதியின் அச்சத்தோடும் புதிரோடும் பழகிய வாசகர் இங்கே தளர்வை உணர்வது இயல்பு.

இந்தத் தளர்வைக் குறையாகக் காணும் கண் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றுக் கேள்வி. ராமலிங்க ரெட்டி 1880 டிசம்பர் 10 அன்று சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்றார். பரோடாவிலும் மைசூரிலும் ஆசிரியப் பணியாற்றினார். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஆங்கில நாவலையும் துன்பியல் நாடகத்தையும் கற்றுத் தேர்ந்த மனம் அது. பாவனா சக்தி, அதாவது கற்பனை ஆற்றல், கவிதையின் உயிர் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. கதைக்கோப்பு, பாத்திரங்களின் இயல்பு, பகுதிகளின் ஒருமை ஆகியவற்றை அவர் அளவைகளாகக் கொண்டார். அவ்வளவைகளால் சூரனா மற்றப் பிரபந்தக் கவிஞர்களைவிட உயர்ந்து நின்றார். அதே அளவைகள், வருணனைப் பெருக்கமும் சிருங்கார வழக்கமும் சூரனாவையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் காட்டின. பண்டிதர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. எட்டு ஆசுவாசங்களையும் ஒரே மரபின் நிறைவாகக் கண்டவர்களுக்கு அந்தக் குறையுணர்வு அன்னியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஐரோப்பாவில் இத்தகைய ஏமாற்றத்துக்கு ஒரு நூற்றாண்டு மூத்த வரலாறு உண்டு. ஹொரேஸ் வால்போல் 1764இல் ‘ஒட்ரான்டோ கோட்டை’யை வெளியிட்டார். மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் ‘காதிக் கதை’ என்ற துணைத்தலைப்பு சேர்ந்தது. பழங்கதைகளின் கட்டற்ற கற்பனையையும் புதிய நாவலின் இயல்பான மனிதர்களையும் இணைக்க முயன்றதாக அப்பதிப்பின் முன்னுரையில் அவர் விளக்கினார். முப்பது ஆண்டுகளில் அவ்வகை பெருகியது. ஏமாந்த வாசகர்களும் பெருகினர். ஆன் ராட்கிளிஃபின் ‘உடால்ஃபோ மர்மங்கள்’ 1794இல் வந்தது. அதில் கருந்திரைக்குப் பின்னால் இருப்பது என்ன என்ற திகில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீடித்து, கடைசியில் அது ஒரு மெழுகுப் பொம்மை என்று முடிகிறது. ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் ஆபி’யில் பழைய அலமாரியின் இரகசியச் சுவடியை நடுங்கும் கையால் எடுக்கும் கதாநாயகி, விடிந்தபின் அது சலவைக் கணக்கு என்று அறிகிறாள். காதிக் கதை வாசகரின் ஏமாற்றத்தையே நகைச்சுவையாக்கிய நாவல் அது.

ஆஸ்டினைவிட இங்குப் பொருந்துபவர் கோல்ரிட்ஜ். மாத்யூ லூயிஸின் ‘துறவி’ நாவலுக்கு 1797இல் எழுதிய மதிப்புரையில் அவர் எழுப்பிய வாதம் நுட்பமானது. இயற்கையின் ஒழுங்கை ஆசிரியர் வேண்டிய இடத்தில் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்றால், எந்தத் தடையும் உண்மையான தடையாக இராது; தடையை வெல்வதைக் காணும் இன்பமும் வாசகருக்கு இராது. அற்புதம் நிகழ்வதை அவர் குறைகூறவில்லை. அற்புதத்துக்கு எல்லை இல்லாமையே அவர் கண்ட குறை. மாயக்கதையில் ஏமாந்த வாசகர் பலரும் சொல்ல முயன்று சொல்லாமல் விட்டதை இவ்வாதம் தெளிவாக்குகிறது. பேய் வருவதையும் உருமாறுவதையும் வாசகர் மறுப்பதில்லை. பேய்க்கும் உருமாற்றத்துக்கும் ஒரு விதி இருக்க வேண்டும். அவ்விதிக்குக் கதைமாந்தர் விலை கொடுக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார்.

இந்த இடத்தில் ராமலிங்க ரெட்டியின் இளமைக் காலப் படைப்பொன்று தனிப்பொருள் பெறுகிறது. திறனாய்வு நூலுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, கிறித்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோது, அவர் ‘முசலம்மா மரணமு’ என்னும் கதைப்பாட்டை எழுதினார். சி. பி. பிரவுன் வெளியிட்ட அனந்தபுரச் சரித்திரத்தில் உள்ள செய்தி அதன் மூலம். புக்கராயசமுத்திரம் ஏரி உடையும் நிலையில் இருக்கிறது. ஊர் பிழைக்க ஒரு வீட்டு மருமகள் பலியாக வேண்டும் என்று தெய்வவாக்கு எழுகிறது. முசலம்மா குடும்பத்திடம் விடைபெற்று நீரில் இறங்குகிறாள். ஏரி நிற்கிறது, அவள் திரும்புவதில்லை.

முசலம்மாவையும் கலபாஷிணியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். இருவரும் தெய்வத்தின் பெயரால் உயிர் கொடுக்கும் பெண்கள். கலபாஷிணியின் மரணம் அடுத்த பிறவியின் வாயில். அரசியாகும் வாழ்வு அவளுக்குக் காத்திருக்கிறது. முசலம்மாவின் மரணம் மரணமேதான். அவளுக்கு மறுபிறவி தரப்படவில்லை. அவளை இழந்த வீட்டாரின் துயரம் துயரமாகவே நிற்கிறது. தெலுங்கின் நவீனக் கதைக்கவிதைகளுள் முன்னோடி என்று இலக்கிய வரலாறுகள் அதனைப் போற்றுவதற்குச் சோக முடிவும் ஒரு காரணம். பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே திரும்பப் பெறவியலாத இழப்பைக் கவிதையின் மையமாக்கிய ஒருவர், இழந்தவை யாவும் மீளக் கிடைக்கும் காவியத்தைப் பிற்காலத்தில் ஆராய்கிறார். திறனாய்வாளரின் அளவை கேம்பிரிட்ஜில் மட்டும் உருவானதன்று என்பதற்கு இது சான்று. சீமைக் கப்பல் ஏறுமுன்பே, ராயலசீமையின் ஏரிக்கரைக் கதை ஒன்றிலிருந்து அதன் ஒரு பகுதியை அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டமஞ்சி அமைந்த நிலப்பகுதியின் கதை மரபும் இதற்குத் தொடர்பற்றதன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கடம் இன்றைய திருப்பதி மலை. சித்தூர் அதற்குத் தெற்கே உள்ளது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி வட்டம் அடங்கியிருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே அரை நூற்றாண்டுக் காலம், அவ்வட்டத்திலுள்ள திருவாலங்காடும் அதனை அடுத்த பழையனூரும் சித்தூர் மாவட்ட ஊர்களாக இருந்தன. திருப்பதியும் 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாகும் வரை சித்தூரின் பகுதியே. இரு மொழிகளின் கதைகளும் ஒரே சந்தையில் புழங்கிய நிலம் இது.

தமிழில் இருண்மையின் முதற்பெரும் கவிஞர் காரைக்கால் அம்மையார் பாடிய சுடுகாடு இந்தத் திருவாலங்காடு. நீலி கதை நிகழ்வது பழையனூரில். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகித் தொடர்கிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவன்முன் மனைவி வடிவில் நிற்கிறாள். கள்ளிக்கொம்பு அவள் இடுப்பில் குழந்தையாகிறது. வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்புகிறார்கள். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்கள் உயிர் விடுவதாக வாக்களித்து அவனை அவளுடன் தங்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இக்கதையில் பேய்க்கும் விதி உண்டு, ஊராருக்கும் விதி உண்டு. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற இயலாது என்ற ஒரே விதி கதையின் கடைசி அடி வரை நிற்கிறது. உருமாற்றம், வஞ்சம், மறுபிறவி அனைத்தும் இதிலும் உள்ளன. ஆனால் எதுவும் யாரையும் காப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கேட்போரை நீலி ஏமாற்றாமல் இருப்பதன் காரணம் இதுவே.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. தன் தலையைத் தானே அரிந்து காளிக்குப் படைக்கும் வீரரும், பசியால் வாடும் பேய்களும் நிறைந்த நூல் அது. தொடக்கத்தில் கூறப்பட்ட பேய்ப்பசி, களத்தில் கூழ் அட்டு உண்பதோடு முடிகிறது. இடையில் அரசன் புகழ் எவ்வளவு விரிந்தாலும், பசி என்ற கடனைக் கவிஞர் மறப்பதில்லை.

இவ்வளவும் ராமலிங்க ரெட்டியின் பக்கம் நிற்கும் சான்றுகள். மறுபக்கத்துக்கு வலுவான குரல் எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. வெல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் 2002இல் கலாபூர்ணோதயத்தை ‘முத்தத்தின் ஒலி, அல்லது ஒருபோதும் சொல்லப்படக் கூடாத கதை’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அத்தலைப்பே ஒரு வாசிப்பு. காவியத்தின் நடுவில், பிரம்மா சரசுவதியிடம் தனிமையில் ஒரு கதை சொல்கிறார். இருவரின் ஊடலிலும் கூடலிலும் எழுந்தவையே அக்கதையின் மாந்தராகின்றன. சொல்லப்பட்ட அக்கதை பின்னர் உலகில் நிகழ்ந்தே தீர்கிறது. கலாபூர்ணனும் மதுரலாலசையும் முதலில் ஒரு சொல்லாடலில் பிறந்தவர்கள். உடலோடு பிறந்தது பிறகுதான்.

மொழியியல் பயின்றோர்க்கு இது உடனே விளங்கும். சொல்வதாலேயே செயல் நிகழும் கூற்றுகளை ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் ஆராய்ந்தார். சாபம், வரம், சத்தியம் ஆகியவை அவ்வகைக் கூற்றுகள். கலாபூர்ணோதயத்தில் நிகழும் ஒவ்வொரு திருப்பமும் ஒரு கூற்றின் விளைவு: ரம்பையின் செருக்கான பேச்சு, நாரதரின் மறுமொழி, நளகூபரனின் சாபம், பிரம்மாவின் கதை. அந்த உலகின் மீறவியலா விதி மரணம் அன்று, சொல். இவ்வாறு படித்தால் மறுபிறவி என்பது ஆசிரியர் தம் வசதிக்காகச் செய்த சலுகையாகத் தோன்றாது. பிரம்மா சொன்ன சொல் நிறைவேற வேண்டும். அதற்குக் கலபாஷிணி மீண்டும் பிறந்தே ஆக வேண்டும். கோல்ரிட்ஜ் கேட்ட எல்லை இக்காவியத்தில் இருக்கிறது. அது துன்பியல் வாசகர் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவே.

வாசகர் ஒரு நூலை வெறுங்கையோடு அணுகுவதில்லை, முன்பு படித்தவற்றால் அமைந்த எதிர்பார்ப்பின் தொடுவானத்தோடு அணுகுகிறார் என்று ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967இல் வாதிட்டார். அதன்படி 1914இன் ஏமாற்றம் இரண்டு தொடுவானங்கள் பொருந்தாமையின் விளைவு என்று கூறி முடித்துவிடலாம். பல கருத்தரங்கக் கட்டுரைகள் அவ்வாறே முடிகின்றன. குடியேற்றக் காலக் கல்வி பெற்றவர் மரபை அன்னிய அளவுகோலால் அளந்தார் என்ற ஒற்றை வரித் தீர்ப்பு மாணவர்களுக்கும் எளிதாகக் கிடைக்கிறது.

அத்தீர்ப்பு போதாது. முதலாவதாக, இழப்பு இழப்பாகவே நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானது என்று கூற நீலியும் முசலம்மாவும் இடம் தருவதில்லை. அந்த எதிர்பார்ப்பு ஏரிக்கரையிலும் ஆலங்காட்டிலும் ஏற்கெனவே இருந்தது. கேம்பிரிட்ஜ் அதற்கு ஒரு கலைச்சொற் தொகுதியைத் தந்தது. இரண்டாவதாக, சொல்லே விதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும் கடைசிப் பகுதிகளின் தளர்வு முழுவதும் மறைவதில்லை. பிரம்மாவின் கதை நிறைவேறுவதற்கு மதுரலாலசை பிறக்க வேண்டும் என்பது சரி. குழந்தையாய் இருந்து தன் கொலையை அவையில் சொன்னவள், வளர்ந்தபின் அந்நினைவின் சுமை ஏதுமின்றி வழக்கமான காவிய நாயகியாக வருணிக்கப்படுவது ஏன் என்ற கேள்வி எஞ்சுகிறது. காவியம் தான் எழுப்பிய இருளை விளக்கி முடித்துவிடுகிறது. அந்த இருள் அவளுக்குள் என்ன செய்தது என்பதை ஆராயவில்லை. மரபின் உள்ளிருந்து படிக்கும் வாசகரும் இங்கே தயங்கி நிற்க நியாயம் உண்டு.

ஆகவே ராமலிங்க ரெட்டியின் ஏமாற்றத்தில் இரு இழைகளைப் பிரித்தறிவது பயன்தரும். ஒன்று, நூலின் விதி எது என்பதைத் தவறான இடத்தில் தேடியதால் எழுந்தது. அதனை 2002ஆம் ஆண்டின் வாசிப்பு பெரிதும் தீர்த்துவைத்தது. மற்றொன்று, நூல் தானே வகுத்த விதியின் முழு விலையையும் கொடுக்கவில்லை என்பதால் எழுந்தது. அது இன்றும் தீரவில்லை. முதல் இழைக்காக இரண்டாவதையும் கைவிடுவது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒரு பழைய நூலைக் குறைகாணத் தகுதியற்றதாக்கி வழிபடுவது, அதனைப் படிக்காமல் விடுவதற்கு அடுத்த படி.

வகுப்பறைக்கு இதில் ஒரு பாடம் உள்ளது. வேங்கடத்துக்குத் தெற்கும் வடக்குமாக இரு மொழி இலக்கியங்களும் பயிலும் மாணவர்கள் இன்று ஆங்கிலத்தில் வரும் இருண்ட மாயப் புதினங்களை விரும்பிப் படிக்கின்றனர். முந்நூறு பக்கங்களுக்கு எழுப்பிய அச்சத்தைக் கடைசி முப்பது பக்கங்களில் ஒரு மந்திரத்தால் கலைத்துவிடும் புதினங்கள் அவர்களையும் ஏமாற்றுகின்றன. அவ்வேமாற்றத்தை ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாமல், எந்த விதி மீறப்பட்டது, அந்த விதியை வகுத்தது நூலா தாமா என்று கேட்கத் தொடங்கினால் அவர்களும் திறனாய்வுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். 1914இல் கட்டமஞ்சிக்காரர் செய்ததும் இதுவே. அவருடைய விடைகளுள் சில காலாவதியாகியிருக்கலாம். விரும்பிய நூலிடம் கணக்குக் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு என்று அவர் நிலைநாட்டியது காலாவதியாகவில்லை.